முதற் படத்திற்கு எந்தக் காமிரா?

"யூடியூபில் நாங்களும் படம் போட விரும்புகின்றோம், எந்தக் காமிரா வாங்கலாம், எந்த மென்பொருளைக் கொண்டு வெட்டி ஒட்டலாம்?" என்னும் கேள்வி இக்காலத்தில் பல இல்லங்களில் எழுகின்றது. சமையல் செய்து காட்ட விரும்பும் இல்லத்தரசியும், கணக்குப் பாடம் நடத்த முனையும் ஆசிரியரும் இதனைக் கேட்கின்றனர். விடை கூறுமுன், பெங்களூர் பிரேசர் டவுனில் நாம் பட்டறிந்த செய்தி ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

1898-ஆம் ஆண்டில் பிளேக் நோய் பெங்களூரை வாட்டிய பின்னர், நெரிசல் மிகுந்த தண்டுப் பகுதியினின்றும் மக்களை விலக்கிக் குடியமர்த்த எழுந்த பேட்டைகளுள் பிரேசர் டவுனும் ஒன்று. ஆவணங்களில் இதற்குப் புலிகேசி நகர் என்று பெயர். ஆட்டோக்காரரிடம் அப்பெயரைச் சொல்லுவோர் சிலரே. தமிழரும், உருது பேசும் முஸ்லிம்களும், கன்னடியரும், ஆங்கிலோ இந்தியரும் அடுத்தடுத்து வாழ்ந்தமையால், இங்குள்ள முதியோரின் தமிழுக்குத் தனிச்சுவை ஒன்று உண்டு. எம் தெருவில் எண்பது வயது கடந்த பாட்டியார் ஒருவர் அத்தகைய தமிழைப் பேசி வந்தார். ஆடி மாதத்தில் கூழ் காய்ச்சும் முறையையும், ரேஷன் அரிசிக்கு வரிசையில் நின்ற கதையையும் அவர் சொல்லக் கேட்டால் பொழுது போவது தெரியாது.

அப்பேச்சைப் படம் பிடித்து வைப்போம் என்று நண்பர் மூவர் பணம் சேர்த்து, ஏறத்தாழ 80,000 ரூபாய்க்குக் காமிரா ஒன்று வாங்கினோம். இரண்டு மணி நேரம் பாட்டியார் பேசினார். வீடு திரும்பிப் போட்டுப் பார்த்தபோது படம் வெகு அழகாயிருந்தது. நெற்றிச் சுருக்கங்களை எண்ணிவிடலாம். ஒலியோ? தலைக்கு மேல் மின்விசிறி இரைகின்றது. மசூதிச் சாலையிலிருந்து ஆட்டோக்கள் அலறுகின்றன. பெங்களூர் கிழக்கு நிலையத்தைக் கடக்கும் ரயில் கூவுகின்றது. பாட்டியாரின் குரல் இவற்றினிடையே முணுமுணுப்பாகத் தேய்ந்து கிடந்தது. மற்றொரு நாள் மறுபடியும் சொல்லச் சொல்லலாம் என்றிருந்தோம். அடுத்த மாதம் அவர் கோயம்புத்தூரில் உள்ள மகன் வீட்டுக்குச் சென்றார், அங்கேயே காலமானார். அவர் வாய் அசைவது எம்மிடம் இருக்கின்றது. அவர் சொன்னது இல்லை.

காமிராவைக் குறை கூறுதல் தகாது. ஒலியை நாடுவோர் முதலிற் கவனிக்க வேண்டியது தொலைவு. பேசுவோர்க்கும் மைக்குக்கும் உள்ள தொலைவு இரு மடங்கானால், வாயிலிருந்து நேரே வரும் ஒலியின் வலிமை நான்கில் ஒரு பங்காகக் குறையும். எமது காமிரா பாட்டியாருக்கு ஒன்பதடி தள்ளி நின்றது. ஒரு சாண் தூரத்தில் மைக் இருந்திருந்தால் கிடைத்திருக்கும் வலிமையில் 144-இல் ஒரு பங்கே அதற்கு எட்டியது. மின்விசிறியின் இரைச்சலோ சிறிதும் குறையவில்லை. ஆகவே, 80,000 ரூபாய் சாதிக்காததை, சட்டையிலோ சேலைத் தலைப்பிலோ செருகும் சிறு மைக் ஓராயிரம் ரூபாய்க்குச் சாதித்துவிடும்.

இவ்விடத்தில் முன்னோடி ஒருவரை நினையாமல் இருக்க இயலவில்லை. தென்னாட்டின் முதல் மௌனப் படமாகிய 'கீசக வதம்' எடுத்த நடராஜ முதலியார், சென்னையில் மோட்டார் உதிரிபாக வாணிகம் செய்தவர். புனாவில் ஸ்டூவர்ட் ஸ்மித் என்னும் ஆங்கிலேயரிடம் ஒளிப்பதிவு பயின்று, தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த செல்வர் ஒருவரிடமிருந்து கையாற் சுழற்றும் வில்லியம்சன் காமிராவை வாங்கித் தொழிலில் இறங்கினார். முதலிற் பயிற்சி, அதன் பின்னரே காமிரா என்னும் அவ்வரிசையை நாம் தலைகீழாக்கினோம். 1917-ஆம் ஆண்டையொட்டி அவர் சென்னையிற் படம் பிடித்தார். பிலிமைக் கழுவியதோ குளிர்ச்சியுள்ள பெங்களூரில். தாம் பிடித்தது பதிந்ததா இல்லையா என்று அறிய அவர் ரயிலேறி இவ்வூருக்கு வர வேண்டியிருந்தது. ஒரு நிமிடம் பதிந்து உடனே போட்டுக் கேட்கும் வாய்ப்பு எமக்கு இருந்தது. நாம் கேட்கவில்லை.

ஆதலால், தொடங்குவோர் புதிய காமிரா வாங்க வேண்டா என்பதே எமது துணிபு. கையிலிருக்கும் கைப்பேசி போதும். அதன் பின்புறக் காமிராவே பெரும்பாலும் முன்புறத்தினும் தெளிவானது. கண்ணாடியைத் துணியால் துடைத்து, முக்காலியில் நிறுத்தி, அழைப்பு வந்து குலைக்காதிருக்க விமானப் பயணத்திற்குரிய நிலையில் வைத்துவிட வேண்டும். 1080 என்னும் அளவு தாராளம். அவ்வளவில் ஒரு நிமிடத்திற்கு ஏறத்தாழ 130 மெகாபைட் இடம் பிடிக்கும். ஒரு மணி நேரத்திற்கு 8 கிகாபைட் ஒழித்து வைத்துக்கொண்டு அமர்க. ஒளிக்குச் சன்னலே சிறந்தது. பேசுவோர் முகம் சன்னலை நோக்கியிருத்தல் வேண்டும். புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்ன வீரமங்கலத்தில் 2018-இல் தொடங்கி, 2021-இல் ஒரு கோடிச் சந்தாதாரரை எட்டிய வில்லேஜ் குக்கிங் சேனலாரின் அடுப்பு எரிவதும் திறந்த வெளிப் பகலொளியில் அன்றோ? இரவில் விளக்கொளியில் எடுத்தால் திரையில் வரிவரியாக நிழல் ஓடுவதுண்டு. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு ஐம்பது சுழற்சி உடையது. விளக்குகள் பல நொடிக்கு நூறு முறை துடிக்கின்றன. ஷட்டர் வேகத்தை ஐம்பதில் ஒரு நொடி அல்லது நூறில் ஒரு நொடி என்று வைத்தால் அவ்வரிகள் பெரும்பாலும் மறையும்.

தொலைவிலுள்ள பறவையையோ மங்கிய அரங்கில் நடக்கும் நாட்டியத்தையோ பிடிக்க விரும்புவோர்க்குத் தனிக் காமிரா தேவைப்படலாம். அவர்கள் பழையதாகவே வாங்குக. வாங்குமுன் மைக் செருகும் துளை உண்டா என்று பார்க்க. பழைய காமிராக்கள் சில அரை மணி நேரத்தில் தாமே நின்றுவிடும், அதனையும் கேட்டறிக. நீண்ட பேச்சுக்கு அத்தகையது உதவாது.

இனி, வெட்டி ஒட்டும் மென்பொருள். இதற்குக் காசு செலவிட வேண்டுவதே இல்லை. ஷாட்கட், கேடென்லைவ், ஓப்பன்ஷாட் ஆகிய மூன்றும் இலவசமானவை. பழைய கணினியிலும் ஓரளவு ஓடும். டாவின்சி ரிசால்வ் என்பதன் இலவசப் பதிப்பு திரைப்படத் துறையினர் கையாளும் கருவிகளைப் பெரிதும் தருகின்றது; ஆனால் 16 கிகாபைட் நினைவகமேனும் இல்லாத கணினியில் அது முக்கி முனகும். எம் நண்பர் ஒருவர் அதனைப் பழைய மடிக்கணினியில் ஏற்றிவிட்டு, ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் இடையில் காப்பி குடித்து வருவார். எதனைத் தேர்ந்தாலும் முதலில் 'கொடு' என்று தமிழில் தலைப்பிட்டுப் பார்க்க. சில மென்பொருள்களில் கொம்பும் காலும் இடம் மாறி விழும். அத்தகையதை அப்பொழுதே விட்டுவிடலாம்.

வெட்டிய படத்தைத் தளத்தில் ஏற்றியவுடன் மூலப் பதிவை அழித்துவிடுவோர் பலர். 2020-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் நாள் டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளை அரசு தடை செய்தபோது, அங்கன்றி வேறெங்கும் தம் படத்தை வைத்திராதவர் கையைப் பிசைந்து நின்றனர். மூலப் பதிவை இரண்டு தனித்தனித் தட்டுகளில் வைத்து, கோப்பின் பெயரிலேயே நாளும் இடமும் பேசியவர் பெயரும் குறித்தல் வேண்டும்.

சென்ற திங்களில், அப்பாட்டியாரின் தங்கையார் காக்ஸ் டவுனில் இருக்கின்றார் என்று கேள்வியுற்றுச் சென்றோம். இம்முறை பழைய கைப்பேசியும் சிறு மைக்குமே கொண்டுபோனோம். விசிறியை நிறுத்தி, கதவடைத்து, ஒரு நிமிடம் பதிந்து காதில் மாட்டிக் கேட்டோம். நன்றாயிருந்தது. பத்து நிமிடத்தில், "தம்பி, அந்த பேனைப் போடுப்பா, வேர்க்குது" என்றார். போடவில்லை, எம்முள் ஒருவர் காமிராவில் விழாதபடி கீழே அமர்ந்து, அட்டையொன்றால் ஓசைப்படாமல் விசிறிக்கொண்டிருந்தார். கேழ்வரகு மாவை முந்தின நாளே கரைத்துப் புளிக்க வைப்பது முதல் கூழ் இறக்குவது வரை அவர் சொன்னது ஒவ்வொரு சொல்லும் பதிந்திருக்கின்றது. "உங்கள் அக்காவும் இப்படித்தான் காய்ச்சுவார்களா?" என்று கேட்டோம்.

"அவ கைப்பக்குவம் வேற. அவ வேற மாதிரி பண்ணுவா" என்றார்.