சொக்லேட் பிஸ்கட் புடிங்: எங்கள் வகுப்பின் ஒரு திருத்தம்

(நூற்றாண்டு ஒன்றுகூடலின்போது மனையியல் அறையில் நிகழ்த்திய செய்முறை உரையின் எழுத்து வடிவம்)



மற்ற வகுப்புக்காரர் கல்லூரியின் வரலாற்றையும் விளையாட்டு வெற்றிகளையும் பேச எடுத்துக்கொண்டார்கள். எங்களுக்குப் புடிங் கிடைத்தது. சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். ஆனால் இந்த மேசையில் இருக்கிற தட்டத்தோடு எங்களுக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. அதையும் இன்றைக்குத் தீர்க்க வேண்டும்.

இலங்கையில் பிறந்தநாள், கலியாணம், பெருநாள், நத்தார் எதுவானாலும் கடைசியில் மேசைக்கு வருவது சொக்லேட் பிஸ்கட் புடிங்தான். இதற்கு அவண் தேவையில்லை, அதனால்தான் எல்லா வீட்டுக் குசினியிலும் இது நுழைந்தது. இதன் எலும்பு மாரி பிஸ்கட். 1874இல் லண்டனில் பீக் பிரீன்ஸ் கம்பனி ஒரு ரஷ்ய இளவரசியின் திருமணத்தை ஒட்டிச் செய்து, அவளுடைய பெயரையே வைத்த பிஸ்கட் அது. இன்று அதை மலிபனும் மஞ்சியும் நமக்குத் தருகின்றன. கோதுமை நம் நாட்டில் விளைவதில்லை. கப்பலில் வந்து சீனக்குடாவில் இருக்கிற ஆலையில் மாவாகிறது. ஆகவே இந்தப் புடிங்கில் நம் துறைமுகத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்று நாங்கள் கொஞ்சம் பெருமை பேசிக்கொள்வோம்.

இனிச் செய்முறை. எட்டு அங்குலச் சதுரத் தட்டம் ஒன்றுக்கு மாரி பிஸ்கட் 400 கிராம், பட்டர் 250 கிராம், ஐசிங் சீனி 250 கிராம், கொக்கோ 60 கிராம், வறுத்து உடைத்த கஜு 100 கிராம், வனிலா ஒரு தேக்கரண்டி, பிஸ்கட் நனைக்க ஒரு கோப்பை பால். மேலே ஊற்ற, கறுப்புச் சொக்லேட் 200 கிராமும் பிரெஷ் கிறீம் 200 மில்லிலீற்றரும்.

முதலில் கொக்கோவை ஐந்து மேசைக்கரண்டி சுடுபாலில் குழையுங்கள். சூடு பட்டால்தான் கொக்கோவின் வாசம் எழும்பும், கட்டியும் விழாது. அந்தக் குழம்பு நன்றாக ஆறவேண்டும். அவசரப்பட்டுச் சூட்டோடு பட்டரில் விட்டால் பட்டர் எண்ணெயாகப் பிரிந்துவிடும். எங்கள் ஊர் வெயிலில் பட்டர் சும்மா வைத்தாலே உருகும். அதனால் ஒரு பெரிய பாத்திரத்தில் குளிர்ந்த தண்ணீர் வைத்து, அதற்குள் பட்டர்ப் பாத்திரத்தை இறக்கி அடியுங்கள். பட்டர் வெள்ளையாகி, பஞ்சுபோல வருமட்டும் பத்து நிமிடம் அடிக்கவேண்டும். பிறகு சீனியை மூன்று தரமாக, கடைசியில் கொக்கோவையும் வனிலாவையும் சேருங்கள்.

பிஸ்கட் நனைக்கிற பால் இளஞ்சூடாக மட்டும் இருக்கட்டும். அதில் ஒரு தேக்கரண்டி கோப்பித்தூள் கரைத்தால் இனிப்புத் திகட்டாது. பிஸ்கட்டைப் போட்டு "ஒன்று, இரண்டு" என்று எண்ணி எடுத்துவிடுங்கள். மூன்று எண்ணினால் கையில் கரையும். ஒரு அடுக்கு பிஸ்கட், ஒரு அடுக்கு கிறீம், கொஞ்சம் கஜு. மூலைகளில் இடைவெளி வந்தால் உடைந்த துண்டுகளால் நிரப்புங்கள். இப்படி ஐந்து அடுக்கு. பிறகு பிரிட்ஜில் ஒரு மணித்தியாலம்.

இனி எங்கள் ஆடம்பரம். கிறீமைச் சூடாக்கி, ஓரத்தில் குமிழி வந்ததும் இறக்கி, நறுக்கிய சொக்லேட்டின் மேல் ஊற்றுங்கள். மூன்று நிமிடம் தொடாமல் விட்டு, நடுவிலிருந்து வெளியே மெதுவாகக் கலக்குங்கள். கண்ணாடி மாதிரி மினுங்கும். ஆறினபிறகு தட்டத்தில் ஊற்றி, மிச்சக் கஜுவைத் தூவி, ஒரு இரவு முழுக்கக் குளிரவிடுங்கள். வெட்டும்போது கத்தியைச் சுடுதண்ணீரில் தோய்த்துத் துடைத்து வெட்டினால் அடுக்குகள் எண்ணிப் பார்க்கலாம்.

இப்போது அந்தப் பழைய கணக்கு.

எண்பதுகளில் நாங்கள் உயர்தரம் முடித்துப் பிரியும்போது வகுப்பில் ஒரு விருந்து வைத்தோம். சொக்லேட் வாங்கக் காசில்லை, பட்டருக்கும் பாதி மாஜரின்தான். ஊரடங்கு எப்போது வரும், கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத நாட்கள். கிண்ணியாவில் இருந்த தோழி பாதையில் கடல் கடந்து வந்து சேர்ந்தாள். அப்போது அங்கே பாலம் இல்லை, 2009இல்தான் திறந்தார்கள். அன்று கரண்ட் போய்விட்டது. மீன் ஏற்றுகிறவர்களிடம் ஐஸ் கட்டி வாங்கி, உடைத்து, உப்புப் போட்டு, தட்டத்தைப் பொலித்தீனால் சுற்றி அண்டாவுக்குள் இறக்கினோம். உப்புப் போட்டால் ஐஸ் இன்னும் குளிரும் என்று விஞ்ஞான பாடத்தில் படித்தது அன்றுதான் உதவியது. மீன் வாசம் வருமோ என்று பயந்தோம். வரவில்லை. இந்தக் கதையை நாற்பது வருடமாகச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

2022இல் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் வெட்டின நாட்களில், பட்டரும் பால்மாவும் கிடைக்காத நேரத்தில், எங்கள் வட்சப் குழுவில் மறுபடியும் அந்தக் கதையை எழுதினோம். எல்லாரும் சிரித்து முடிந்தபிறகு, வெளிநாட்டில் இருக்கிற ஒருத்தி எழுதினாள்: "நான் அண்டைக்கு அந்தப் புடிங்கைச் சாப்பிடவே இல்லை."

எங்கள் கொப்பியில் அன்று எழுதியிருந்த செய்முறையில் "முட்டை 2" என்று இருந்தது. பச்சை முட்டையை அடித்துக் கிறீமில் சேர்ப்பது அக்காலத்து வழக்கம். அவள் முட்டையும் தொடாத சைவ வீட்டுப் பிள்ளை. ஏழு வருடம் ஒரே வாங்கில் இருந்தவள். எங்களில் ஒருவருக்கும் அது ஞாபகம் வரவில்லை. அவள் வயிற்றுவலி என்று சொன்னாள், நாங்கள் நம்பிவிட்டோம். எல்லாருக்கும் தட்டு நீட்டி, அவளுடைய பங்கை எங்களுக்குள்ளேயே பிரித்தும் சாப்பிட்டோம். அடுத்த மாதம் அவளுடைய குடும்பம் ஊரை விட்டுப் போய்விட்டது. பிறகு நாங்கள் அவளைக் காணவில்லை.

"ஏன் அப்பவே சொல்லவில்லை?" என்று கேட்டோம். "நீங்கள் ஐஸ் தூக்கிக்கொண்டு வந்த களைப்பைப் பார்த்தபிறகு எப்படிச் சொல்லுறது?" என்று எழுதினாள். அதற்குப் பிறகு அந்தக் கதையை எங்களால் பழைய மாதிரிச் சிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஆகவேதான் இன்றைய தட்டத்தில் முட்டை இல்லை. நான் மேலே சொன்ன அளவிலும் இல்லை என்று கவனித்திருப்பீர்கள். பட்டரை நன்றாக அடித்தால் முட்டை தரும் மென்மை தானாக வரும், பச்சை முட்டையால் வருகிற வயிற்றுக் கோளாறுப் பயமும் இல்லை. இறுகவைக்க ஜெலட்டினும் போடவில்லை. கிண்ணியாத் தோழி பெட்டியைத் திருப்பிப் பார்க்காமல் சாப்பிடலாம். நம் ஊரில் ஒரு வகுப்பென்றால் பல வீட்டுப் பிள்ளைகள் இருப்பார்கள். சமைக்க முதல் "யாருக்கு எது ஆகாது?" என்று ஒரு வார்த்தை கேட்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. நாங்கள் அதைக் கற்க நாற்பது வருடம் எடுத்தோம். தங்கைமாரே, நீங்கள் அவ்வளவு காலம் எடுக்காதீர்கள்.

அவளால் இன்று வர முடியவில்லை. ஆனால் இந்த மலர் அவளுடைய வீட்டுக்கும் போகும். தோழி, அந்தக் கொப்பியில் "முட்டை 2" என்ற வரியை நாங்கள் எல்லாரும் சேர்ந்து வெட்டிவிட்டோம். நீ வருகிற நாளில் முதல் துண்டு உனக்கு.

இனி எல்லோரும் வாருங்கள், கத்தி சுடுதண்ணீரில் இருக்கிறது.