மணி அடித்தால் மட்டும் போதுமா?

(பழைய மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



"தொழில் அனுபவம் பற்றிப் பத்து நிமிஷம் பேசுங்க சார்" என்று சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டார். சாதித்த கதை சொல்ல இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சறுக்கி விழுந்த கதையைச் சொல்கிறேன்.

குறித்த நேரத்தில் கம்ப்யூட்டர் தானாகவே ஒரு வேலையைச் செய்ய, யூனிக்ஸில் 'கிரான்' என்றொரு வசதி உண்டு. 1970-களில் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. இன்றும் லினக்ஸில் ஓடுகிறது. ஒரே வரி, ஐந்து கட்டம்: நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை. முதல் இரண்டில் 0, 1 என்று எழுதி, மற்ற மூன்றிலும் நட்சத்திரக் குறி போட்டால், தினமும் இரவு ஒரு மணிக்கு வேலை நடக்கும். நாம் நிம்மதியாகத் தூங்கலாம்.

நானும் தூங்கினேன். ஒரு தொழிற்சாலையில் சம்பளக் கணக்கு என் பொறுப்பு. மாத முடிவில் நள்ளிரவு 12 மணிக்கு முதல் வேலை, எல்லாப் பிரிவுகளின் வருகைப் பதிவையும் திரட்டும். ஒரு மணிக்கு இரண்டாவது வேலை, கூலியைக் கணக்கிடும். முதல் வேலைக்கு 20 நிமிடம்தான் ஆகும். ஒரு மணி நேரம் விட்டிருக்கிறோமே என்று இருந்துவிட்டேன். தொழிற்சாலை வளர்ந்தது, பதிவுகள் பெருகின. ஒரு மாதம் 60 நிமிடம் போதவில்லை. இரண்டாவது வேலை ஒரு மணிக்கு டாண் என்று வந்து, கிடைத்ததை வைத்துக் கணக்குப் போட்டு, 'வெற்றி' என்று எழுதிவிட்டுப் போய்விட்டது. புதிதாகச் சேர்ந்த பிரிவுக்கு 19-ஆம் தேதி வரைதான் பதிவு வந்திருந்தது.

அந்தப் பிரிவுத் தொழிலாளி ஒருவர் வந்தார். "சார், 26 நாள் வந்திருக்கேன், 16 நாளுக்குத்தான் போட்டிருக்கு" என்றார். கையில், தேதிகளைச் சுழித்து வைத்த மாதக் காலண்டர். நான் அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "கம்ப்யூட்டர் கணக்கு தப்பாதுங்க" என்று அனுப்பிவிட்டேன். பின்னாலேயே இன்னும் பத்துப் பேர் வந்தபோதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

அன்றிரவு நம் ஹாஸ்டல் மெஸ் ஞாபகம் வந்தது. ஏழரைக்குச் சாப்பாட்டு மணி. ஆனால் மெஸ் அண்ணன் கடிகாரத்தை மட்டும் பார்த்து அடிக்க மாட்டார். அடுப்படியை எட்டிப் பார்த்து, "சாம்பார் எறங்கிடுச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் அடிப்பார். நான் கடிகாரத்தை மட்டும் நம்பிவிட்டேன்!

தம்பி தங்கைகளே, நான் கற்றது இதுதான். முதல் வேலை முழுதாக முடிந்ததற்கு அடையாளம் வைக்கட்டும். அதைப் பார்த்த பிறகே இரண்டாவது தொடங்கட்டும். 2014-இல் ஏர்பிஎன்பி நிறுவனத்தில் உருவான 'ஏர்ஃப்ளோ' போன்ற மென்பொருள்கள் இந்த முன்பின் உறவைக் கவனிக்கத்தான் வந்தன. எத்தனை பதிவு வரவேண்டும், எத்தனை வந்தது என்று எண்ணிப் பாருங்கள். குறைந்தால் வேலை நிற்கட்டும், உங்களை எழுப்பட்டும். ஒரே வேலை இரண்டு தடவை ஓடினாலும் கூலி இரட்டிப்பாகாதபடி எழுதுங்கள். கம்ப்யூட்டரின் கடிகாரம் யுடிசி நேரத்தில் இருந்தால், அதன் ஒரு மணி நமக்குக் காலை 6.30 என்பதையும் மறக்காதீர்கள். இன்னொன்று: கிரானில் தேதி 13, கிழமை வெள்ளி என்று இரண்டையும் எழுதினால், இரண்டும் சேர்ந்து வரும் நாளில் மட்டும் ஓடும் என்று நினைப்போம். அதுவோ ஒவ்வொரு 13-ஆம் தேதியும் ஓடும், ஒவ்வொரு வெள்ளியும் ஓடும்!

விடுபட்ட கூலியை அந்த வாரமே கொடுத்துவிட்டோம். முதலில் வந்தவரைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல சார், அடுத்த தடவை என் காலண்டரையும் கொஞ்சம் பாருங்க" என்றார். அதற்குப் பிறகு, கணக்கு தப்பு என்று யார் வந்தாலும் முதலில் அவர்களை உட்காரவைத்து, கையில் இருப்பதை வாங்கிப் பார்க்கிறேன்.