குயிலாப்பாளையத்தில் குடியேறுதல்
(நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பிரசங்கம்)



நகர வாழ்க்கையிற் சலிப்புற்ற நம்மவர் சிலர், பூர்வீக நஞ்செயை விற்றுக் கடலோரத்துச் செம்மண் பூமியில் குடியேற எண்ணங்கொண்டிருக்கின்றனர். அவர்களுள் பலருடைய நாட்டம் விழுப்புரம் ஜில்லா வானூர்த் தாலுகாவைச் சேர்ந்த குயிலாப்பாளையத்தின்மேற் சென்றிருக்கிறது. இது ஒரு குடும்பத்தின் ஆஸ்தி கைமாறும் காரியம். ஆதலின் நிலம், நீர், காற்று, பத்திரம் ஆகிய நான்கையும் ஆராய்ந்தே முடிவு செய்தல் வேண்டும்.

முதலாவது நிலம். இவ்வூர் மரக்காணத்து உப்பளங்களுக்குத் தெற்கே, புதுச்சேரிக்கு வடக்கே, கடலினின்றும் உயர்ந்த செம்மண் மேட்டில் அமைந்துளது. 1968-ஆம் வருஷம் பிப்ரவரி 28-ந் தேதி இதன் அண்டையில் ஆரோவில் நகருக்கு அடிகோலியபோது, அம்மேடு பெரும்பாலும் மரமின்றி, மழைநீர் அரித்த ஆழ்பள்ளங்கள் மலிந்து கிடந்தது. மழைதோறும் மேல்மண் கரைந்து கடலிற் சேர்ந்தது. வந்து குடியேறியவர்களும் சுற்றுக் கிராமத்து உழைப்பாளிகளும் கூடி வரப்புயர்த்தினர்; ஓடைகளில் தடுப்பணை கட்டினர்; பெய்த நீரைப் பெய்த இடத்திலேயே நிறுத்தினர். வறட்சி தாங்கும் அன்னிய மரங்களை முதலில் நட்டு, நிழலுண்டான பின்னர் இந்நாட்டு மரங்களை வைத்தனர். இன்று அங்கே காடு நிற்கின்றது. இது அம்மண்ணுக்குப் புதிதன்று என்பதற்குக் கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயிலைச் சூழ்ந்த பழங்காடே சாட்சி. ஆகவே மண் இயல்பிலே கெட்டதன்று, கெடுக்கப்பட்டது.

ஆயினும் அன்பர்கள் ஒன்றை மறத்தலாகாது. அக்காடு பலர் கூடிப் பல்லாண்டு உழைத்ததன் பயன். இரண்டு காணி வாங்கும் தனிக்குடும்பத்தார் தம் வரப்பை எவ்வளவு செப்பஞ் செய்யினும், மேட்டு நிலத்தார் வரப்பிடாவிடில் அவர் நீர் நம் மண்ணை வாரிச் செல்லும். முந்திரி, பனை, மா, பலா, சவுக்கு ஆகியவை இம்மண்ணுக்கு இசைந்தவை. மானாவாரியாக வேர்க்கடலையும் சிறுதானியமும் விளையும். நெல்லை நம்பிச் செல்வோர் வேறிடம் நாடுவதே நன்று.

இரண்டாவது நீர். இங்கு மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களை ஒட்டியே பொழிந்துவிடும். எஞ்சிய காலம் கிணறே கதி. கடலோரத்தில் நன்னீரை மிகுதியாக இறைத்தால், அது விட்ட இடத்தை உவர்நீர் வந்து நிரப்பும். மரக்காணத்தில் உப்பு விளைப்போர்க்கு ஜீவனமாயிருக்கும் அதே நீர், கிணற்றிற் புகுந்தாலோ குடியைக் கெடுக்கும். ஆதலின் நிலம் பார்க்கச் செல்வோர் கார்த்திகைப் பசுமையைக் கண்டு மயங்காது, வைகாசி வெயிலிற் செல்லுக. அண்டை வீட்டார் கிணற்றின் ஆழத்தை விசாரித்து, அந்நீரை வாயிலிட்டுச் சுவைத்துப் பார்க்குக.

மூன்றாவது காற்று. 2004-ஆம் வருஷத்து ஆழிப்பேரலை கரையோரக் குப்பங்களைத் தாக்கிற்று. மேட்டு நிலத்துக்கு அப்பயம் குறைவு. ஆனால் புயலுக்கு மேடும் பள்ளமும் ஒன்றே. 2011 டிசம்பர் 30-ந் தேதி வீசிய ‘தானே’ புயலில் இக்கரையோரத்தின் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. 2024 நவம்பர் 30-ந் தேதி ‘பெஞ்சல்’ புயல் புதுச்சேரியை ஒட்டியே கரை கடந்தது. மரப்பயிர் ஒன்றையே நம்பிய குடும்பத்துக்கு ஓரிரவு போதும், பல வருஷத்து உழைப்பு வீணாக.

நான்காவது பத்திரம். ஆரோவில் அறநிறுவனத்தின் நிலம் தனியார்க்கு விற்பனைக்குரியதன்று. அந்நகரின் திட்டம் 2010-ஆம் வருஷம் அரசிதழில் வெளியாகியுளது. அதன் எல்லைக்குட்பட்ட தனியார் நிலத்தை வாங்குவோர் அத்திட்டத்தைப் படித்தறிதல் அவசியம். 1892-ஆம் வருஷத்து உத்தரவின்வழி ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அளிக்கப்பெற்ற பஞ்சமி நிலத்தை மற்றவர் வாங்குதல் சட்டத்துக்கும் தருமத்துக்கும் விரோதம். பட்டா, அ-பதிவேடு, புலப்படம், வில்லங்கச் சான்று இவற்றைப் பாராது முன்பணம் கொடுத்தல் கூடாது. விலையோ, விளைச்சலைக் கொண்டன்றி, உல்லாசப் பிரயாணிகளின் வரவைக் கொண்டே ஏறியிருக்கின்றது. அவ்விலையை அம்மண்ணின் மகசூல் எத்தனை வருஷத்தில் திருப்பித் தரும் என்று ஒவ்வொருவரும் கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும்.

ஆகவே நாம் கூற விரும்பும் முடிவு இதுவே. வேறு ஜீவனோபாயம் உடையவர், பத்து வருஷம் பொறுக்க வல்லவர், நீரைக் காத்தலே முதற்பயிர் என்று கருதுபவர் அங்குச் செல்லலாம். அவரும் முதலில் ஓராண்டு குத்தகைக்கெடுத்து ஒரு கோடையையும் ஒரு மழையையும் கண்டபின் வாங்குக. நாலைந்து குடும்பத்தார் அடுத்தடுத்த நிலமாக வாங்கின், வரப்பும் குளமும் பொதுவாய் அமையும். அவ்வூரில் வழிவழியாக வாழ்வோரை அண்டை வீட்டாராக மதித்து, அவர்தம் அனுபவத்தைக் கேட்டு நடத்தல் நமக்குப் பெருமை.

ஆற்றுப்பாய்ச்சலுள்ள நஞ்செயை விற்று இதனை வாங்க நினைப்பவர்க்கு மட்டும், வேண்டாம் என்றே வற்புறுத்திச் சொல்லுகிறோம். முன்னோர் வைத்துப்போன நீருள்ள நிலம் ஒருமுறை கைவிட்டால் மீளாது. நம் மக்கள் எங்கு வாழினும் மண்ணைக் காத்து வாழ்க!