ஓரெழுத்துப் பிழையும் காவல் அணுக்களும்

மூளை எலும்புக் கோட்டைக்குள் இருக்கிறது. நோயை எதிர்க்கும் அணுக்களுக்கு அங்கே இடமில்லை என்று நெடுங்காலம் கருதி வந்தார்கள். அக்கருத்து முற்றும் சரியன்று. மூளையிலேயே குடியிருக்கும் ஒருவகைக் காவல் அணுக்களை ஸ்பெயின் நாட்டு அறிஞர் பீயோ தெல் ரியோ ஒர்த்தேகா 1919-ஆம் ஆண்டிலேயே விளக்கிக் காட்டினார். மைக்ரோகிளியா என்பது அவற்றின் பெயர். இரத்தத்தில் உலவிக் கெட்டுப்போன அணுக்களைத் தேடி அழிக்கும் டி அணுக்களும் மூளைக்குள் செல்லக்கூடியவையே. அப்படியாயின், மூளையில் கட்டி தோன்றும்பொழுது இக்காவலர்கள் ஏன் வாளா இருக்கிறார்கள்? விடை காண, கிளியோமா என்னும் மூளைக் கட்டிகளில் காணப்படும் ஒரே ஒரு மரபணுவை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

அதன் பெயர் ஐ.டி.எச்.1. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆராய்ச்சியாளர்கள் மூளைக் கட்டிகளின் மரபணுக்களை வரிசையாகப் படித்தபொழுது, 2008-இல் இதில் ஒரு பிழையைக் கண்டனர். பல நோயாளிகளிடம் அதே இடத்தில் அதே பிழை. பெரும்பாலும் ஓரெழுத்துத்தான் மாறியிருக்கும். அதனால் அம்மரபணு ஆக்கும் புரதத்தின் 132-ஆவது இடத்தில், ஆர்ஜினினுக்குப் பதிலாக ஹிஸ்டிடின் வந்து அமர்ந்துவிடுகிறது. 414 அமினோ அமிலங்களுள் ஒன்று மாறினால் என்ன கெட்டுவிடும் என்று தோன்றலாம். மாறிய நொதி புதுத் தொழில் ஒன்றைத் தொடங்கி, 2-ஹைட்ராக்சிகுளூட்டரேட் என்னும் பொருளை ஆக்கிக் குவிக்கிறது என்பது 2009-இல் தெளிவாயிற்று. பெயர் நாவுக்குக் கடினந்தான்; பொருளோ அதனினும் பொல்லாதது.

அது கட்டியின் அணுக்களோடு நிற்பதில்லை. வெளியே கசிந்து, அண்டையிலுள்ள டி அணுக்களுக்குள் புகுந்து, அவற்றின் உள்ளே நடக்கும் செய்திப் போக்கைக் குலைத்து, அவை பெருகவொட்டாமல் தடுக்கிறது. ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகர ஆராய்ச்சியாளர்கள் இதனை 2018-இல் வெளியிட்டார்கள். காவலன் உறங்கவில்லை, அவனுக்கு மயக்க மருந்து கொடுக்கப்பட்டிருக்கிறது!

ஆனால் இப்பிழை கட்டியைக் காட்டிக்கொடுக்கவும் செய்கிறது. மாறிய இப்புரதம் உடலின் நல்ல அணுக்களில் இல்லை. ஆகவே அதன் மாறிய துண்டையே தடுப்பூசியாக்கி டி அணுக்களுக்கு அடையாளம் காட்டலாம் அல்லவா? ஜெர்மனியில் 33 நோயாளிகளுக்கு இதைச் செய்து பார்த்து, முடிவை 2021-இல் அறிவித்தனர். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் எதிர்ப்புச் சக்தி விழித்தெழுந்தது. இங்கே மருத்துவருக்கு ஒரு சங்கடம். சிலருடைய மூளைப் படத்தில் கட்டி பெருத்தாற்போல் தெரிந்து, பின்னர் அடங்கியது. அத்தகைய வீக்கம் ஒன்றை ஆராய்ந்தபொழுது, அங்கே டி அணுக்கள் வந்து திரண்டிருக்கக் கண்டனர். பகை வளர்ந்ததா, படை வந்து இறங்கியதா என்பதைப் படம் மட்டும் பார்த்துச் சொல்வது எளிதன்று. அவசரப்பட்டு மருத்துவத்தை நிறுத்தினால் நோயாளிக்கு நேரும் இழப்பை நினைத்துப் பாருங்கள்.

வேறொரு வழி, பிழைபட்ட நொதியையே அடக்குவது. அதற்கான வோராசிடெனிப் என்னும் மாத்திரைக்கு அமெரிக்காவில் 2024-இல் அனுமதி கிடைத்தது. அது மெல்ல வளரும் கட்டிகளின் வளர்ச்சியைத் தாமதப்படுத்துகிறது; நோயை ஒழித்துவிடுவதில்லை. எலிகளில், இந்நொதியை அடக்கும் மருந்தையும் தடுப்பூசியையும் சேர்த்துக் கொடுத்தபொழுது, டி அணுக்களின் தாக்குதல் வலுப்பெற்றதை ஹைடல்பர்க் ஆய்வே காட்டியிருந்தது. மனித மூளை எலியின் மூளையன்று. எனினும் மயக்கத்தைத் தெளிவித்துவிட்டுப் பகைவனைக் காட்டும் அந்த முறையில்தான் பல ஆராய்ச்சியாளர்கள் நம்பிக்கை வைத்திருக்கிறார்கள்.