உறக்கமும் ஒளித்திரையும்



மலையகத்துத் தேயிலைத் தொழிற்சாலையை உள்ளே சென்று பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். மலையிலிருந்து வந்த பச்சைக் கொழுந்து உடனே அரைபடுவதில்லை. அது மேல்மாடியிலே பரப்பப்பெற்று, பெரும்பாலும் 12 மணி நேரத்துக்கு மேலாகக் காற்றில் வாடுகின்றது. பார்ப்பவருக்கு அங்கே வேலை எதுவும் நடப்பதாகத் தோன்றாது. ஆயினும் வாட்டம் பிழைத்தால் பின்னர் எந்த இயந்திரமும் அதனைத் திருத்த இயலாது. வளரும் பிள்ளையின் உறக்கமும் அத்தகையதே.

13 வயது முதல் 18 வயது வரை நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் வேண்டுமென மருத்துவர் கூறுவர். பகலிற் படித்தது மனத்திற் பதிவதும், வளர்ச்சிக்குரிய சுரப்பு மிகுவதும் அப்போதுதான். ஆனால் கட்டிளமைப் பருவத்தில் உடலின் கடிகாரம் இயற்கையாகவே சற்றுப் பிந்தி ஓடுகின்றது. உறக்கத்தை அழைத்துவரும் மெலட்டோனின் என்னும் சுரப்பு தாமதமாகவே எழுகின்றது. கைத்தொலைபேசியின் ஒளி அதனை இன்னும் தள்ளிவைக்கின்றது; திரையில் ஓடும் காட்சிகளோ மனத்தை அடங்கவிடுவதில்லை.

இத்திரை லயத்துக்குள் வீண் பொழுதுபோக்காக மட்டும் வரவில்லை. 2020ஆம் ஆண்டிற் பாடசாலைகள் மூடப்பட்டபோது அதுவே வகுப்பறையாயிற்று. அலை கிடைக்குமிடம் தேடிப் பிள்ளைகள் மலையுச்சிக்கு ஏறினர். வெளிநாட்டில் உழைக்கும் தாயின் முகத்தைக் காட்டுவதும் அதுவே. குவைத்தில் அவள் வேலை முடித்து இரவு 9 மணிக்கு அழைத்தால், ஹட்டனில் அப்போது 11.30 மணி. அந்த விழிப்பைக் குற்றமென்று யார் சொல்வார்?

உறக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் சுரப்பு மிகுந்து, வயிறு நிறைந்ததை உணர்த்தும் சுரப்பு குறைகின்றது. எனவே நாளடைவில் உடல் பருக்கலாம். மலையகத்திலோ தராசுக்கு மற்றொரு தட்டும் உண்டு. 2016ஆம் ஆண்டின் தேசிய மக்கள்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17 பேர். தோட்டப்புறத்தில் ஏறக்குறைய 32 பேர். அக்குழந்தைகளுள் மூத்தோர் இன்று கட்டிளமைப் பருவத்தினர். பிந்தி எழுந்து, காலையுணவின்றிப் பாடசாலைக்கு ஓடி, மாலையில் பிஸ்கட்டும் சாயத் தேநீருமாகப் பசியாறும் பிள்ளை மெலிந்தாலும் தீங்கு, பருத்தாலும் தீங்கு. தேநீரிலுள்ள கஃபீனில் ஏறத்தாழப் பாதி, ஐந்து மணி நேரத்தின் பின்னும் உடலில் தங்கியிருக்கும் என்பதையும் மறத்தலாகாது.

மனத்தின் நிலை யாது? உறக்கமின்மை எரிச்சலையும் சோர்வையும் வளர்க்கின்றது. உள்ளே துயருற்ற பிள்ளையும் உறங்க முடியாமல் திரையையே நாடுகின்றது. எது முந்தியது என்று எளிதிற் கூறிவிட முடியாது. ஆகவே தொலைபேசியைப் பிடுங்கி வைப்பது மருந்தாகாது. “ஏன் ராசா, தூக்கம் வரவில்லையா?” என்று முதலிற் கேட்பதே நன்று.

ஓர் அறைக்குள் வாழும் குடும்பத்தில் உறக்கம் பிள்ளையின் தனிக் கடமையன்று. தந்தை தொலைக்காட்சியை நிறுத்தாமல் மகனை உறங்கச் சொல்வது பயன் தராது. ஆகையால் குறித்த நேரத்தில் வீட்டிலுள்ள எல்லாத் தொலைபேசிகளும், பெரியோருடையவை உட்பட, படுக்கைக்கு எட்டாத ஓரிடத்தில் வைக்கப்படல் வேண்டும். மாலைத் தேநீர் சற்று முந்தட்டும். தூரத்துத் தாயுடன் பேசுவதற்கு, அவளுக்கு ஓய்வு கிடைக்கும் நாளைக் கேட்டறிந்து, பிள்ளைக்கும் உகந்த வேளையை ஒதுக்கலாம். அந்த அழைப்பை அறுத்துவிட வேண்டாம்.

இவ்வளவும் செய்தும், இரண்டு வாரங்களுக்கு மேலாகப் பிள்ளை உறக்கமின்றியும் உற்சாகமின்றியும் ஒதுங்கியிருந்தால் வைத்தியரை நாடுங்கள். 1926 என்னும் தேசிய மனநல உதவி இலக்கத்தையும் அழைக்கலாம். பிள்ளை தன்னை மாய்த்துக்கொள்வதைப்பற்றிப் பேசினாலோ ஒரு நாளும் பொறுத்திருக்கலாகாது. காய்ச்சலுக்கு மருந்து கேட்க நாணாத நாம், மனத்தின் நோவுக்கு உதவி கேட்கவும் நாண வேண்டியதில்லை.