ஒரே கணினிக்குள் ஒரு சோதனைக்கூடம்



2001 பிப்ரவரி 28-ஆம் தேதி கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன் பிறகு இங்கே எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிவது பெங்களூரு ரயிலை நம்பித்தான். மாரிக்குப்பம், சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று நிலையத்துக்கு நிலையம் ஏறி, ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் போய், இரவில் வீடு திரும்புகிறவர்கள் ஆயிரக்கணக்கானோர். அவர்களில் அலுவலகக் கணினிகளைப் பராமரிக்கும் வேலை பார்க்கிறவர்களையும், அந்த வேலைக்கு முயல்கிறவர்களையும் மனதில் வைத்து இன்று பேசுகிறேன்.

நேர்முகத் தேர்வில் ஒரு கேள்வி வரும். ‘நூறு கணினிகளுக்கு ஒரே சமயத்தில் ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டிருக்கிறீர்களா?’ பென் டிரைவைச் செருகி ஒவ்வொன்றாகப் போட்டுப் பழகிய பிள்ளைக்கு இதற்குப் பதில் சொல்ல வராது. பழகிக்கொள்ள நூறு கணினிகளை யாரும் நம்பித் தர மாட்டார்கள். அனுபவம் இருந்தால்தான் வேலை, வேலை கிடைத்தால்தான் அனுபவம் என்ற இந்தச் சிக்கலை உடைக்க வழி இருக்கிறது. ஒரே கணினிக்குள் பல மெய்நிகர் கணினிகளை, அதாவது விர்ச்சுவல் மெஷின்களை உருவாக்கி, வீட்டிலேயே ஒரு சோதனைக்கூடம் அமைத்துக்கொள்வதுதான் அது. ஐ.பி.எம். நிறுவனம் 1972-இலேயே தன் பெரிய கணினிகளுக்குக் கொடுத்த வசதி, இன்று பழைய பொருளாக வாங்கிய கணினியிலும் கிடைக்கிறது.

என்னென்ன வேண்டும்? 16 ஜி.பி. நினைவகம் இருந்தால் தாராளம். 8 ஜி.பி. என்றால் லினக்ஸ் வைத்துப் பழகலாம்: சர்வருக்கு 1 ஜி.பி., சோதிக்கப்படும் கணினிக்கு 2 ஜி.பி., மீதி உங்கள் கணினிக்கே. பயாஸ் அமைப்புக்குள் போய், மெய்நிகர் கணினிக்கான வசதியை முதலில் இயக்கி வையுங்கள். பிறகு விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற இலவச மென்பொருள் ஒன்றை நிறுவுங்கள். லினக்ஸ்காரர்களுக்கு கே.வி.எம். இருக்கிறது. விண்டோஸ் புரொஃபஷனல் வைத்திருப்பவர்களுக்கு ஹைப்பர்-வி அதிலேயே இருக்கிறது.

அடுத்துச் சொல்லப்போவதுதான் முக்கியம். சோதனைக்கூடம் வெளியுலகிலிருந்து தனித்து இருக்க வேண்டும். இதன் அருமை தங்கவயலுக்குத் தெரியும். 1965-இல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் நகர விஞ்ஞானிகளோடு சேர்ந்து, வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ என்ற நுண்துகளின் தடயத்தைப் பதிவு செய்தார்கள். தரைக்கு மேலே காஸ்மிக் கதிர்களின் இரைச்சலில் அந்த மெல்லிய தடயம் அகப்படாது. தலைக்கு மேலிருந்த பாறை மற்றக் கதிர்களைத் தடுத்து நிறுத்தியதால்தான் அது கண்ணில் பட்டது. எதைச் சோதிக்கிறோமோ அதைத் தவிர மற்றவற்றை வெளியே நிறுத்துவதுதான் நல்ல சோதனைக்கூடத்தின் முதல் விதி.

நம் கூடத்துக்கு அந்தப் பாறை, ‘இன்டர்னல் நெட்வொர்க்’ என்ற அமைப்பு. மெய்நிகர் கணினிகள் தங்களுக்குள் மட்டும் பேசிக்கொள்ளும். வெளியே ஒரு வார்த்தை போகாது. இது ஏன் வேண்டும்? வலையில் சேரும் ஒவ்வொரு கணினிக்கும் முகவரி கொடுப்பது டி.எச்.சி.பி. என்ற சேவை. நீங்கள் சோதனைக்காக இயக்கும் அந்தச் சேவை உண்மையான அலுவலக வலைக்குள் நுழைந்துவிட்டால், அங்கே உள்ள கணினிகளுக்கும் தவறான முகவரிகளைக் கொடுக்கத் தொடங்கிவிடும். அலுவலகத்தில் ஒரு மாடியின் வேலையே நின்றுபோகும். ஆகவே தேவையான கோப்புகளையெல்லாம் முன்பே இறக்கி வைத்துக்கொண்டு, பிறகு கதவைச் சாத்துங்கள்.

இப்போது இரண்டு மெய்நிகர் கணினிகளை உருவாக்குங்கள். முதலாவது சர்வர். முகவரி கொடுக்கும் சேவையும், நிறுவலுக்கான கோப்புகளும் அதில் இருக்கும். இரண்டாவது வெறும் கணினி. வட்டில் எதுவும் இல்லை. அது பி.எக்ஸ்.இ. என்ற முறையில் வலை வழியாக எழும். ‘எனக்கு முகவரி யார் தருவார்?’ என்று கேட்கும். சர்வர் முகவரியையும், தொடக்க நிரல் இருக்கும் இடத்தையும் சொல்லும். அந்தச் சிறு நிரல் வந்து இறங்கியதும் நிறுவல் தொடங்கும். மொழி, நேர மண்டலம், வட்டுப் பிரிப்பு, பயனர் பெயர் என்று வழக்கமாகத் திரையில் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் ஒரு விடைக் கோப்பில் முன்பே பதில் எழுதி வைத்திருப்பீர்கள். யாரும் விசைப்பலகையைத் தொடாமல் ஒரு கணினி தானாக எழுந்து நிற்கும். ஒன்றுக்கு எழுதிய அந்த விடைக் கோப்புதான் நூற்றுக்கும் அடிப்படை.

தம்பிகளே, தங்கைகளே, அதோடு நிறுத்தாதீர்கள். வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள். நிறுவல் பாதியில் இருக்கும்போது மின்சாரம் போனதுபோல் கணினியை அணையுங்கள். விடைக் கோப்பில் ஒரு வரியை மாற்றி எழுதுங்கள். சர்வரின் வட்டை நிரப்புங்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு ஸ்நாப்ஷாட், அதாவது கணினியின் அப்போதைய நிலையின் பதிவு, எடுத்துக்கொண்டால், கெட்டதைச் சில நிமிடங்களில் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம். எந்தத் தவறுக்குத் திரையில் என்ன செய்தி வந்தது, எப்படிச் சரி செய்தீர்கள் என்று ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வாருங்கள்.

மெய்நிகர் கணினி எல்லாவற்றையும் காட்டிவிடாது. உண்மைக் கணினியின் வைஃபை, கிராஃபிக்ஸ் அட்டை, பிரிண்டர் இவற்றுக்கான டிரைவர்களை உண்மைக் கணினியில்தான் சோதிக்க முடியும். அதனால் கூடத்தில் தேறியதை முதலில் ஒவ்வொரு மாடலிலும் ஒரு கணினியில் போட வேண்டும். பிறகு பத்து. அதன் பிறகுதான் எல்லாவற்றிலும்.

இந்தப் படிகளைத் தாண்டிக் குதித்தால் என்ன ஆகும் என்பதை 2024 ஜூலை 19 அன்று உலகமே பார்த்தது. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய ஒரே ஒரு பிழையான கோப்பு, படிப்படியாகப் போகாமல் எல்லா இடத்துக்கும் ஒரே நேரத்தில் போனது. சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு நின்றதாக மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். நம் பக்கத்திலும் பெரிய அளவிலான நிறுவல்கள் நடந்திருக்கின்றன. தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கிய மாணவர் மடிக்கணினித் திட்டத்தில், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் லட்சக்கணக்கான கணினிகளில் விண்டோஸோடு சேர்த்துப் போடப்பட்டது. அந்த அளவில் ஒரு வரிப் பிழை இருந்தாலும், அது லட்சம் பிள்ளைகளின் மேசைக்குப் போய்விடும்.

ஆகவே இந்த வேலையில் பெரிய திறமை, எல்லாம் சரியாக நடக்கும்போது தெரிவதில்லை. எது எப்படிக் கெடும் என்று முன்பே பார்த்து வைத்திருப்பவரே மதிக்கப்படுவார். வேலை கேட்டுப் போகும்போது சான்றிதழோடு உங்கள் நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். நூறு கணினிக் கேள்விக்கு, ‘செய்து பார்த்தேன், இங்கே இங்கே கெட்டது, இப்படிச் சரி செய்தேன்’ என்று நிமிர்ந்து பதில் சொல்லலாம்.

பெங்களூருவில் ஏற்கெனவே இந்த வேலையில் இருக்கும் அண்ணன்மார், அக்காமாரிடமும் ஒன்று கேட்கிறேன். ராபர்ட்சன்பேட்டையிலோ ஆண்டர்சன்பேட்டையிலோ, ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம், நான்கு பிள்ளைகளை உட்காரவைத்து இதைச் சொல்லிக்கொடுங்கள். செலவு பெரிதில்லை. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இன்று வேண்டியது, பயமில்லாமல் தவறு செய்து கற்றுக்கொள்ள ஓர் இடமும், பக்கத்தில் இருந்து வழிகாட்ட ஒருவரும்தான்.