கல் போயிடுச்சு, டியூப் எடுத்தாச்சா?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் சுகாதாரக் குழு சார்பில் ஆற்றிய உரை)

சேமிப்பு, வசூல், வங்கிக் கடன் எல்லாம் பேசி முடிச்சாச்சு. டீ வர்றதுக்குள்ளே சுகாதாரக் குழு சார்பா நாங்க ஒரு விஷயம் பேசிடுறோம்.

உள்கடன் கேட்டு வர்ற மனுக்களிலே "மருத்துவச் செலவு"ன்னு எழுதியிருக்கும். என்ன செலவுன்னு கேட்டா, கிட்னியிலே கல்லு, லேசர் வைக்கணும்கிறாங்க. வெயிலிலே நாள் பூரா களை எடுக்கிறோம், செங்கல் சுமக்கிறோம். ஒதுங்க இடம் இல்லைன்னு தண்ணியைக் குறைச்சுக்கிறோம். உடம்பிலே நீர் வத்தினா உப்பு கட்டியாகுது, அதுதான் கல். நமக்கு இது வராமல் வேறு யாருக்கு வரும்?

முதலில் லேசர் என்றால் என்ன என்று பார்ப்போம். அது கத்தியும் இல்லை, கரண்ட் ஷாக்கும் இல்லை. அது வெளிச்சம். டார்ச் லைட்டு போகப் போக விரிஞ்சு மங்கிடும். லேசர் விரியாமல் ஒரே கோடாகப் போகும். சின்ன வயசுலே பூதக்கண்ணாடியை வெயிலில் பிடிச்சு காகிதத்தை எரிச்சிருப்போம் இல்லையா? ஒளியை ஒரு புள்ளியில் குவிச்சா அவ்வளவு சக்தி. 1960-இல் அமெரிக்காவில் மெய்மன் என்பவர் முதல் லேசரை எரிய வைத்தார். அந்த ஒளியை உடம்புக்குள்ளே வளைத்துக் கொண்டுபோக கண்ணாடி இழை வேண்டும். அந்த இழை வழியாகப் படத்தையே அனுப்பலாம் என்று 1954-இல் லண்டனில் தம் ஆசிரியரோடு சேர்ந்து காட்டியவர் நம் பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானி. இதை நம்ம பிள்ளைங்க தெரிஞ்சுக்கணும்.

கல்லுக்குப் பெரும்பாலும் ஹோல்மியம் லேசர் பயன்படுத்துகிறார்கள். சமீப வருஷங்களில் துலியம் என்ற இன்னொரு வகையும் வந்திருக்கு. ஒண்ணுக்குப் போகிற பாதை வழியாகவே கேமரா வைத்த மெல்லிய கருவியை உள்ளே விட்டு, கல் இருக்கிற இடம் வரைக்கும் போகிறார்கள். அதற்குள் மிக மெல்லிய இழை போகும். அதன் நுனி கல்லைத் தொட்டதும் கல் நொறுங்கும், பொடியாகும். பொடி சிறுநீரோடு போயிடும், துண்டு இருந்தால் சின்னக் கூடை போட்டு எடுப்பார்கள். இந்த ஒளியைத் தண்ணீர் உடனே உறிஞ்சிவிடும். அதனால் நுனியிலிருந்து அரை மில்லிமீட்டருக்கு மேல் அதன் வேகம் போகாது. பக்கத்துச் சதை பிழைக்கிறது அதனால்தான். வயிற்றிலே வெட்டும் இல்லை, தையலும் இல்லை.

ஆனா எல்லாரும் சொல்ற "லேசர்" எல்லாம் லேசர் இல்லைங்க. படுக்க வைத்து வெளியிலிருந்து அதிர்வு கொடுத்து உடைக்கிறது ஷாக் வேவ். அது ஒலி அலை. பெரிய கல்லுக்கு முதுகில் சின்ன ஓட்டை போட்டு எடுப்பது இன்னொரு முறை. எது என்பதைக் கல்லின் அளவும் இடமும்தான் தீர்மானிக்கும். லேசர் ஒசத்தி, மத்தது மட்டம்னு நினைச்சு கடனைக் கூட்டிக்க வேண்டாம். 5 மில்லிமீட்டருக்குள் இருக்கிற கல் பெரும்பாலும் தானாகவே இறங்கிடும். டாக்டர் சொல்ற வரைக்கும் பொறுத்துப் பார்க்கலாம். கர்ப்பமா இருக்கிறவங்களுக்கு ஷாக் வேவ் வைக்கவே கூடாது, அதை முதலிலேயே சொல்லிடணும். வாழைத்தண்டு சாறு குடிக்கிறவங்க குடிங்க, நாங்க தடுக்கலை. ஆனா அடைச்சுக்கிட்டு நிற்கிற கல்லை அது கரைக்கும்னு நம்பி மாசக்கணக்கில் உட்கார்ந்திருந்தா கிட்னி கெட்டுப்போகும்.

வலியோடு குளிர்காய்ச்சல் வந்தாலோ, சிறுநீரே வரலைன்னாலோ ஒரு ராத்திரிகூடத் தள்ளிப்போடாதீங்க. 108-ஐக் கூப்பிடுங்க. அடைப்புக்குப் பின்னாலே சீழ் கட்டினா உயிருக்கே ஆபத்து. அப்போ டாக்டர் லேசர் வைக்க மாட்டார், முதலில் அடைப்பைத் திறந்து நீரை வடிய வைப்பார். கல்லை அப்புறம்தான் எடுப்பார். "கல்லை எடுக்காமலே பில்லு போட்டுட்டாங்க"ன்னு யாரும் சண்டைக்குப் போகக் கூடாது.

இப்போ நாங்க முக்கியமா சொல்ல வந்ததுக்கு வர்றோம். லேசர் முடிந்ததும் பல பேருக்கு உள்ளே ஒரு டியூப் வைத்து அனுப்புகிறார்கள். டி.ஜே. ஸ்டென்ட் என்பார்கள். கிட்னியிலிருந்து சிறுநீர்ப்பை வரைக்கும் நிற்கும். ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட நீளம், இரண்டு முனையும் சுருண்டிருக்கும். வீக்கத்தாலே பாதை அடைபடாமல் இருக்கத்தான் அது. வெளியிலே ஒண்ணும் தெரியாது. அடிக்கடி ஒண்ணுக்கு வரும், எரியும், இடுப்பு பிடிக்கும், கொஞ்சம் ரத்தம் கலந்தும் வரலாம். டியூப் எடுத்ததும் நின்னுடும். பயப்பட வேண்டாம்.

பயப்பட வேண்டியது வேற. நாள் போகப் போக அந்தத் தொந்தரவு பழகிடும். வலி விட்டுடுச்சு, கல்லும் போச்சு, இனி எதுக்கு ஆஸ்பத்திரின்னு விட்டுடுறாங்க. போக வர பஸ் செலவு, ஒரு நாள் கூலி, துணைக்கு ஆள், இதையெல்லாம் பார்த்து "அறுப்பு முடியட்டும்"னு தள்ளிப்போடுறாங்க. சிலருக்கு உள்ளே டியூப் இருப்பதே தெரியாது, டிஸ்சார்ஜ் சீட்டில் ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். லேசருக்குப் பிறகு வைத்த டியூபை சாதாரணமாகச் சில வாரங்களில் எடுத்துவிடுவார்கள். எடுக்காமல் மாதக்கணக்கில் விட்டால் அதன் மேலேயே உப்புப் படிந்து புதுக் கல் வளரும். ஆறிலும் ஏழிலும் அரித்துப்போன பைப்பில் உப்பு ஏறுவதைப் பார்த்திருப்பீங்களே, அதே மாதிரிதான். அப்புறம் சாதாரணமாக இழுத்தால் வராது. மறுபடியும் லேசர், மறுபடியும் ஆபரேஷன். வருஷக்கணக்கில் விட்டவர்களுக்குக் கிட்னியே போனதுண்டு. சரியான நாளில் போனால், மரத்துப்போகிற ஜெல் தடவி, கேமரா கருவியாலே பெரும்பாலும் சில நிமிஷத்தில் எடுத்துடுவாங்க.

அதனால் நாங்க ஒரு யோசனை கொண்டு வந்திருக்கோம். கல்லுக்குக் கடன் கொடுத்தால், தீர்மானப் புத்தகத்தில் தொகைக்குப் பக்கத்திலேயே டியூப் எடுக்கும் தேதியையும் எழுதணும். கடன் தொகையிலேயே இரண்டாவது தடவை போகிற செலவையும் சேர்த்துக் கேட்கணும். தவணை வசூலிக்கிற கூட்டத்தில் பிரதிநிதி "டியூப் எடுத்தாச்சா?"ன்னு கேட்கணும். தவணை தவறினா விடாம கேட்கிறோமே, இதையும் அப்படிக் கேட்போம். முன்னாடி எப்பவோ ஆபரேஷன் பண்ணி, எடுத்தோமா இல்லையான்னு சந்தேகம் இருந்தா, ஒரு எக்ஸ்ரே போதும். டியூப் அதிலே தெரியும்.

இன்னும் ரெண்டு விஷயம், சுருக்கமா சொல்லிடுறோம். இருமினாலும் தும்மினாலும் நீர் கசியுதுன்னு நம்மில் பல பேர் வெளியே சொல்றதில்லை. இதுக்குப் பிறப்புறுப்பில் லேசர் வைத்துக் குணமாக்குவதாக நகரங்களில் விளம்பரம் வருது. இந்தப் பயன்பாட்டுக்குப் பாதுகாப்பும் பலனும் நிரூபணமாகலைன்னு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2018-இல் எச்சரித்தது. தீக்காயமும் தழும்பும் ஏற்பட்டதாகச் சொன்னது. கடன் வாங்கி அதுக்குப் போக வேண்டாம். இடுப்புத் தசையை இறுக்கித் தளர்த்துற பயிற்சியை நர்ஸம்மாகிட்டே கேட்டு தினமும் செய்யுங்க. அதுக்குக் காசு கிடையாது.

வலி இல்லாமல் சிறுநீரில் ரத்தம் போனா, சூடுன்னும் மாதவிலக்குன்னும் விட்டுடாதீங்க, பீடி குடிக்கிற வீட்டுக்காரரா இருந்தாலும் சரி. சிறுநீர்ப்பையில் கேமரா விட்டுப் பார்க்கணும். ஒரு மருந்தை உள்ளே விட்டு நீல வெளிச்சம் அடிக்கிற முறையும் இருக்கு. புற்று உள்ள இடம் சிவப்பாக ஒளிரும். சாதாரண வெளிச்சத்தில் தப்புகிற சின்னப் புள்ளியும் அதில் தெரியும்.

செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கு. குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் ரூபாய் வரை. அட்டை இல்லாதவங்க ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று எடுத்துக்கிட்டு கலெக்டர் ஆபீஸ் மையத்துக்குப் போங்க. ஆஸ்பத்திரியில் சேரும் முன்னே, டியூப் எடுக்கிறதும் அட்டையிலே வருமான்னு கேட்டு வச்சுக்குங்க.

அடுத்த கூட்டத்துக்கு, கல்லுக்கு வைத்தியம் பார்த்தவங்க எல்லாரும் டிஸ்சார்ஜ் சீட்டைக் கொண்டு வாங்க. நர்ஸம்மாவை அழைத்திருக்கோம், படிச்சுச் சொல்வாங்க. டீ வந்தாச்சு, தம்ளரை அந்தப் பக்கம் கொடுங்க.